கடன் வாங்கிய ஒன்று

நீர் வழங்கல் அலுவலகத்தின் கணக்கறையில் அவள் வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்கு இருபது வயது. மூன்றாம் மாடியில் நீளமான அறை. இரண்டு வரிசையாகப் பன்னிரண்டு மேசைகள். ஒவ்வொரு மேசையிலும் ஒரு லாக் புத்தகம், கோடு போட்ட தாள் ஒரு கட்டு, சீவிச் சீவிக் கட்டைவிரல் அளவுக்குத் தேய்ந்த பென்சில்கள். பொறியாளர்கள் கீழே இரண்டாம் மாடியில் படம் வரைவார்கள். அந்தப் படங்களுக்கு வேண்டிய எண்களைக் கணக்கறை போட்டுக் கொடுக்கும். குழாய் எவ்வளவு அகலம், தொட்டி எவ்வளவு பெரிது, பம்பு எத்தனை மணி நேரம் ஓட வேண்டும் என்று நாள் முழுக்க வகுத்தல்தான். அதுவும் லேசான வகுத்தல் இல்லை. புள்ளிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டே போகும் எண்ணை, அதேபோல் இழுத்துக்கொண்டே போகும் இன்னொரு எண்ணால் வகுக்க வேண்டும். கையால் போட்டால் ஒன்றுக்கே பத்து நிமிஷம் ஆகும். நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்துவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து.

அதற்குத்தான் லாக் புத்தகம். பத்தை ஐந்து முறை பெருக்கி வந்ததை, பத்தை மூன்று முறை பெருக்கி வந்ததால் வகுத்தால், பத்தை இரண்டு முறை பெருக்கியது மிஞ்சும். வகுக்கவே வேண்டாம், அடுக்கில் இருக்கும் ஐந்தில் மூன்றைக் கழித்தால் போதும். எந்த எண்ணையும் பத்தின் ஏதோ ஓர் அடுக்காக எழுதிவிடலாம், அந்த அடுக்கைத்தான் லாக் என்கிறோம். ஆகவே இரண்டு எண்களுக்கும் புத்தகத்தில் லாக் பார்த்து, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து, வந்த எண்ணைக் கடைசிப் பக்கங்களில் தேடினால் விடை கிடைத்துவிடும். ஒரு நிமிஷ வேலை.

ஒன்றைவிடச் சிறிய எண் வந்தால்தான் வில்லங்கம். அதன் லாக்கில் முழு எண் மைனஸாகவும் புள்ளிக்குப் பின்னால் வருவது பிளஸாகவும் இருக்கும். அதைக் காட்ட முழு எண்ணின் தலைக்கு மேல் ஒரு கோடு போடுவார்கள். அதன் பெயர் பார். பார் இரண்டிலிருந்து பார் நான்கைக் கழி என்றால் புதிதாக வந்தவர்கள் பேந்தப் பேந்த விழிப்பார்கள். அதில் கடன் வாங்கிக் கழிக்க வேண்டியிருந்தால் கேட்கவே வேண்டாம், அறையில் பாதிப் பேர் பென்சிலைக் கீழே வைத்துவிடுவார்கள்.

அவள் மட்டும் வைக்க மாட்டாள். "தரைக்குக் கீழ ரெண்டாவது படியில நிக்கிறேன்னு வச்சுக்க. ஒண்ணு கடன் குடுத்தா மேல ஏற மாட்ட, இன்னொரு படி கீழதான் எறங்குவ. பார் ரெண்டு பார் மூணாயிடும். அவ்வளவுதான்" என்பாள். சேர்ந்த ஒரே வருஷத்தில் அவளைவிட வயதில் பெரியவர்கள்கூடத் தாளை எடுத்துக்கொண்டு அவள் மேசைக்கு வர ஆரம்பித்தார்கள். பார் அக்கா என்று பெயரும் ஒட்டிக்கொண்டது.

பக்கத்து மேசைக்காரியை எல்லோரும் நெட்டை என்பார்கள். மேலே சுழலும் மின்விசிறிக்கு அவள் குனிந்து நடக்கிறாள் என்று ஒரு கேலி உண்டு. நெட்டைக்கு வீட்டில் படுத்த படுக்கையாய் ஓர் அப்பா, வேறு யாருமில்லை. மத்தியானம் இரண்டு பேரும் ஒரே டப்பாவில் சாப்பிட்டார்கள். ஒருத்தி போட்ட கணக்கை இன்னொருத்தி சரிபார்த்தாள். ஐந்து வருஷத்தில் இருவரும் ஒருவர் தாளில் ஒருவர் கண்டுபிடித்த தப்பு மொத்தம் மூன்று. அந்த மூன்றையும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

பின்வரிசையில் ஒருவன் வந்து சேர்ந்தான். நல்ல உயரம், நல்ல குரல், சட்டையில் ஒரு மடிப்புக் கலையாது. மேலதிகாரி அறைக்குள் வந்தால் எல்லோரும் தாளுக்குள் தலையைப் புதைப்பார்கள். அவன் ஒருவன்தான் எழுந்து நின்று சிரித்த முகமாகப் பேசுவான். கணக்கு மட்டும் சுமார். பார் வந்துவிட்டால் சுமாரும் இல்லை. தினமும் சாயங்காலம் தாளோடு அவள் மேசைக்கு வருவான். "ஒரு தடவ பாத்துடுங்களேன்" என்பான். அவள் பார்த்தாள், திருத்தினாள், கொடுத்தாள். தாள் இல்லாமலும் வர ஆரம்பித்தபோது அறையில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியிருக்கவில்லை.

கல்யாணமான பெண்ணுக்கு அந்த அலுவலகத்தில் வேலை கிடையாது என்பது விதி. அவனோடு கல்யாணம் நடப்பதற்கு முந்தின வாரம் அவள் ராஜினாமாக் கடிதம் எழுதிக் கொடுத்தாள். கடைசி நாள் நெட்டை படிக்கட்டு வரைக்கும் கூட வந்தாள்.

"அவர மட்டும் கட்டிக்கிட்டுப் போற மாதிரி தெரியல. அவர் வேலையையும் சேத்துக் கட்டிக்கிட்டுப் போற. பாத்துக்க" என்றாள். இருவரும் சிரித்தார்கள்.

நெட்டை வேடிக்கையாகச் சொன்னது ஐந்தாவது வாரத்திலேயே பலித்துவிட்டது. ஒரு நாள் காலை அவர் குளித்து உடுத்தி, சமையலறை மேசையில் மூன்று தாள்களை வைத்தார். தலைக்கு மேல் வேலை இருக்கிறது, இதை மட்டும் பார்த்துவைத்தால் நாளைக்குக் கொண்டுபோய்விடுவேன் என்றார். பழைய லாக் புத்தகம் ஒன்றும் கூடவே வந்தது. அவள் பாத்திரம் துலக்கி, கையைத் துடைத்துக்கொண்டு, ஜன்னலோரம் உட்கார்ந்து மூன்றையும் ஊதித் தள்ளினாள். மறுநாள் ஐந்து தாள் வந்தது.

அவர் கட்டாயப்படுத்தினார் என்று பின்னாளில் அவளால் சொல்ல முடியவில்லை. அவளுக்கும் அது பிடித்திருந்தது என்பதுதான் உண்மை. துணி உலர்ந்துகொண்டிருக்கும், அடுப்பில் ஏதோ கொதித்துக்கொண்டிருக்கும், அவள் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு பக்கம் புரட்டுவாள். வெளியே வாகனங்கள் போவதுகூடக் காதில் விழாது. முதலில் அவர் அவள் எழுதியதைப் பார்த்துத் தன் கையால் எழுதிக்கொண்டுபோனார். பிறகு அதற்கும் சோம்பல் வந்துவிட்டது. அவள் கையெழுத்திலேயே தாள்கள் அலுவலகம் போயின. கச்சாத் தாளை யார் பார்க்கப்போகிறார்கள்? அதைப் பார்த்து அறையில் யாராவது நல்ல பிரதி எடுப்பார்கள். கச்சாத் தாள் அலமாரியில் கட்டாகக் கிடக்கும். கோப்புக்குப் போவதும் கையெழுத்தாவதும் நல்ல பிரதிதான்.

ஆறு வருஷத்தில் அவர் தாள் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. கணக்கறைத் தலைவர் பதவி காலியானபோது, தப்பே போடாதவர் என்று அவரைத்தான் உட்காரவைத்தார்கள். தலைவர் கணக்குப் போட வேண்டியதில்லை. இவரோ சிக்கலான தாள்களையெல்லாம் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று கேட்டு வாங்கினார். எவ்வளவு சிக்கலோ அவ்வளவு பேர். வீட்டுக்கு வரும் கட்டு கனத்துக்கொண்டே போனது.

கல்யாணமாகி ஏழாம் வருஷம் அவள் ஒரு பெண் குழந்தை பெற்றாள். சுலபமான பிரசவம் இல்லை. பதினாறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அந்த இடைவெளியில்தான் கிழக்குக் குடியிருப்புகளுக்கான வண்டல் தொட்டிக் கணக்கு வந்தது. ஆற்றுத் தண்ணீரை அசையாமல் நிறுத்திவைத்து மண்ணை அடியில் படியவிடும் தொட்டி. எத்தனை சதுர மீட்டரில் கட்ட வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். நொடிக்கு வரும் தண்ணீர் 0.0214 கன மீட்டர். மண் இறங்கும் வேகம் நொடிக்கு 0.000316 மீட்டர். ஒன்றை மற்றதால் வகுக்க வேண்டும். உடனே வேண்டும் என்று கீழ் மாடியிலிருந்து ஆள் மேல் ஆள் வந்துகொண்டிருந்தார்கள். அறையில் இன்னொருவரிடம் கொடுத்தால் கௌரவம் போய்விடும். அவர் தானே போட்டார். நல்ல பிரதி எடுத்தது நெட்டை. பிரதி எடுப்பவர்தான் கணித்தவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போடுவது அந்த அறையின் வழக்கம். தலைவர் கீழே பார்வையிட்டதாக மட்டும் போடுவார். நெட்டையும் போட்டாள். அவர் தாளை யாரும் மறுபடி போட்டுப் பார்ப்பதில்லை.

மூன்று மாதம் கழித்து ஒரு நாள் காலை, காலணிக்கு நாடா கட்டிக்கொண்டே அவர் செய்தி சொன்னார். கிழக்கே தொட்டிக்குக் குழி தோண்டியவர்கள் பள்ளிக்கூட விளையாட்டு மைதானத்தை முக்கால்வாசி விழுங்கிவிட்டார்களாம். செங்கல் கணக்குக் கட்டுபடியாகவில்லை என்று ஒப்பந்தக்காரர் வந்து சத்தம் போட்ட பிறகுதான் தொட்டியின் அளவு பத்து மடங்கு என்று தெரிந்ததாம். பத்திரிகையில் குழியின் படம் வந்திருக்கிறதாம், விசாரணை வைத்திருக்கிறார்களாம்.

"யார் போட்டது?" என்று கேட்டாள்.

"நெட்டை. அவ கையெழுத்துதான் இருக்கு."

அவளால் நம்ப முடியவில்லை. அப்பாவுக்கு முடியாமல் போன கவலையில் கவனம் பிசகியிருக்கும் என்று தானே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்றும் நினைத்தாள்.

வெள்ளிக்கிழமை அவர் மறந்துவிட்டுப் போன பையின் மேல் பால் புட்டி கவிழ்ந்துவிட்டது. பையைத் துவைக்கப் போட எல்லாவற்றையும் வெளியே எடுத்தாள். உள்துணி ஓரிடத்தில் கிழிந்திருந்தது. கிழிசலுக்குள் நாலாய் மடித்த ஒரு தாள். அவர் கையெழுத்து.

பார்த்தவுடனேயே தப்பு கண்ணில் பட்டது. பார் இரண்டு புள்ளி 3304. அதற்குக் கீழே பார் நான்கு புள்ளி 4997. மேலே இருக்கும் 3304-இலிருந்து 4997 போகாது. ஒன்று கடன் வாங்கி 8307 என்று சரியாக எழுதியிருந்தார். ஆனால் கடன் வாங்கியதை மறந்துவிட்டார். பார் இரண்டு பார் மூன்றாகவில்லை. முழு எண் ஒன்று வர வேண்டிய இடத்தில் இரண்டு வந்துவிட்டது. 67.72 சதுர மீட்டர் 677.2 ஆகிவிட்டது. எத்தனையோ பேருக்கு அவள் வாய் வலிக்கச் சொன்ன அதே கழித்தல்.

சாயங்காலம் அவர் வந்ததும் தாளை மேசையில் வைத்தாள். அவர் அதைக் கையால் தொடவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, குழந்தை படுத்திருந்த பக்கமே பார்த்தார்.

"இத நான் காட்டினா எனக்கு வேலை போறதோட நிக்காது" என்றார். "இத்தன வருஷத்துத் தாளையும் எடுத்துப் பாப்பாங்க. எல்லாம் உன் கையெழுத்து. நீயும் சேந்து பதில் சொல்லணும்."

"அவ அப்பா படுக்கையில கெடக்காரு."

"தெரியும். நம்மகிட்டயும் ஒண்ணு கெடக்கு, பாரு."

தாளை என்ன செய்யட்டும் என்று கேட்டாள். உன் இஷ்டம் என்று சொல்லிவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அவள் தாளை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். குழந்தைக்கு வெந்நீர் வைக்க அடுப்பைப் பற்றவைக்க வேண்டியிருந்தது. அந்தத் தாளைக்கொண்டே பற்றவைத்தாள். யாரும் அவள் கையைப் பிடித்து அதைச் செய்யவைக்கவில்லை. இதை மட்டும் அவள் தனக்குச் சாதகமாக எந்த நாளும் மாற்றிச் சொல்லிக்கொண்டதில்லை.

விசாரணையில் நெட்டை, தான் பிரதி எடுத்ததாகத்தான் சொன்னாள், யார் தாளைப் பார்த்து என்று சொல்லவில்லை. கச்சாத் தாள் எங்கே என்று கேட்டார்கள். அலமாரிக் கட்டில் இல்லை. கணக்கறைத் தலைவரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். நல்ல ஊழியர், வீட்டுக் கஷ்டத்தில் கவனம் சிதறியிருக்கலாம், கருணை காட்ட வேண்டும் என்று கேட்டுக்கொண்டாராம். அவருடைய பெருந்தன்மையை எல்லோரும் மெச்சினார்கள். நெட்டையை வேலையிலிருந்து நீக்கினார்கள்.

நினைத்திருந்த ஞாயிற்றுக்கிழமை அவள் நெட்டை வீட்டுக்குப் போகவில்லை. அடுத்த ஞாயிறும் போகவில்லை. நெட்டையின் அப்பா இறந்த செய்தி காதுக்கு வந்தபோது குழந்தைக்குக் காய்ச்சலாக இருந்தது. நிஜமாகவே காய்ச்சல்தான். அது சாக்காகக் கிடைத்ததில் அவளுக்கு ஏற்பட்ட ஆறுதலை அவளாலேயே சகிக்க முடியவில்லை. அதன்பின் அந்தத் தெரு வழியாகப் போவதையே விட்டுவிட்டாள். சுற்றிக்கொண்டு போனால் காய்கறிக் கடைக்குக் கூடுதலாகக் கால் மணி நேரம் நடக்க வேண்டும். நடந்தாள்.

தாள்கள் மட்டும் வந்துகொண்டிருந்தன. ஜன்னலோரம் உட்கார்ந்து போட்டுக்கொண்டேயிருந்தாள். முன்பிருந்த பிடிப்பு இல்லை, ஆனால் ஒரு தப்பும் வரவில்லை. வரவிட அவளுக்குப் பயமாக இருந்தது. வந்தால் எந்த மேசையில் யார் தலையில் விடியும் என்று தெரியாதே.

பதினொரு வருஷம் இப்படி ஓடியது. பெண்ணுக்குப் பள்ளிச் சீருடை தைக்க ஒரு நாள் கடைத்தெருவுக்குப் போனாள். வழக்கமான கடை பூட்டியிருந்தது. எதிர்ச்சாரியில் இருந்த பெரிய துணிக்கடைக்குள் நுழைந்தாள். மீட்டர் கோலை வைத்துக்கொண்டு நின்ற பெண் தலையை நிமிர்த்தியபோது, திரும்பிப் போக இடமில்லாமல் பின்னால் ஆட்கள் நின்றார்கள்.

நெட்டையின் தலை பாதி நரைத்திருந்தது. மற்றபடி அதே உயரம், அதே குனிவு. முகத்தில் கோபம் எதுவும் தெரியவில்லை. எத்தனை மீட்டர் என்று கேட்டாள். அளந்தாள். பெண்ணைப் பார்த்து என்ன வகுப்பு என்று விசாரித்தாள். நெட்டை துணியை வெட்டும்போது, அவள் பெண்ணை அந்தப் பக்கம் போய்ப் பொத்தான் பார்த்துக்கொண்டிரு என்று அனுப்பினாள்.

மேசையை நெருங்கி நின்றாள். "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"எனக்குத் தெரியும்" என்றாள் நெட்டை.

"என்ன தெரியும்?"

"எல்லாந்தான். அஞ்சு வருஷம் உன் தாளப் பாத்தவ நான். உன் ஏழுக்கு நடுவுல ஒரு கோடு இழுப்ப. அவர் குடுத்த தாள் எல்லாத்துலயும் அந்தக் கோடு இருந்துச்சு. அதனாலதான் கண்ண மூடிக்கிட்டுப் பிரதி எடுத்தேன். தொட்டித் தாள்ல மட்டும் கோடு இல்ல. அவசரத்துல நான் கவனிக்கல." துணியை மடித்துக் காகிதத்தில் சுற்றினாள். "அது என் தப்புதான்."

"விசாரணையில நீ சொல்லியிருக்கலாமே."

"சொன்னா உன்னையும் இழுப்பாங்க. அப்ப உன் கையில மூணு மாசக் கொழந்த." நெட்டை சணலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "நீயே வருவேன்னு நெனச்சேன். உத்தரவு கைக்கு வர ஒரு வாரம் ஆச்சு. அந்த ஒரு வாரமும் தினம் சாயங்காலம் கதவத் தெறந்தே வச்சிருந்தேன்."

நெட்டை பொட்டலத்தைத் தள்ளினாள். "பணம் அந்தக் கோடியில கட்டணும்" என்றாள். அடுத்து நின்றவரிடம் என்ன வேண்டும் என்று கேட்கத் திரும்பிவிட்டாள். மன்னிப்புக் கேட்க அவள் பிறகு இரண்டு முறை போனாள். முதல் முறை நெட்டை உள்ளே சரக்கு எடுக்கப் போயிருப்பதாகச் சொன்னார்கள். இரண்டாம் முறையும் அதையேதான் சொன்னார்கள்.

துணிக்கடையில் நெட்டையைப் பார்த்துவிட்டு வந்த மறுநாள் காலை, சமையலறை மேசையில் வைத்த தாள்களை அவள் எடுத்து அவர் பைக்குள்ளேயே திரும்ப வைத்தாள்.

"இனிமே நீங்களே போட்டுக்கங்க."

உடம்புக்கு முடியவில்லையா என்று கேட்டார். முடிகிறது என்றாள். வெளுத்துப்போய் நின்றார். பதினெட்டு வருஷத்தில் அவர் அப்படி நின்று அவள் பார்த்ததில்லை. அதன் பிறகு வந்த ஏழு மாதமும் அவருக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணில் கோளாறு என்று தாள்களை அறையில் பிரித்துக் கொடுத்தார். தாமே போட்டாக வேண்டியவற்றை மூன்று முறை போட்டார், மூன்று விடை வந்தது. அவள் எதிரிலேயே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பாள். எட்டிக்கூடப் பார்க்க மாட்டாள். என்றைக்காவது ஒரு நாள் அலுவலகத்திலிருந்து ஆள் வரும், எல்லாம் வெளியே வரும், தனக்கு வர வேண்டியதும் வந்து சேரும் என்று காத்திருந்தாள். பயத்தைவிட அதில் எதிர்பார்ப்புதான் அதிகம் இருந்தது.

எட்டாம் மாதம் அலுவலகத்தில் கணக்கு இயந்திரங்கள் வாங்கினார்கள். உள்ளங்கை அகலப் பெட்டி, பொத்தானை அழுத்தினால் எப்பேர்ப்பட்ட வகுத்தலுக்கும் விடை வந்துவிடும். லாக் புத்தகங்களைச் சாக்கில் கட்டிக் கழித்துவிட்டார்கள். இயந்திரம் வேண்டுமென்று கூட்டத்தில் எழுந்து அடித்துப் பேசியது அவர்தான். வயதானாலும் புதுமைக்குத் தயங்காதவர் என்று பாராட்டினார்கள். அன்று வீட்டுக்கு வந்து வயிறு முட்டச் சாப்பிட்டார். அவள் காத்திருந்த ஆள் வரவேயில்லை.

அவர் ஓய்வுபெற்றபோது பெண் கல்யாணமாகி வேறு ஊரில் இருந்தாள். பிரிவு விழா இரண்டாம் மாடிக் கூடத்தில். மேலதிகாரி பேசும்போது, இவர் கணக்கில் கடைசிவரை ஒரு தப்பைக்கூட யாரும் காட்டியதில்லை என்றார். கைதட்டினார்கள். அவர் எழுந்தார். அதே நல்ல குரல். நன்றி சொல்லி, இரண்டு வேடிக்கை சொல்லி, மூன்றாவதாக முன்வரிசையில் இருந்த அவளைக் கைகாட்டினார்.

"ஆபீஸ்ல கணக்கு, வீட்டுக்குப் போனாலும் கணக்கு நான்தான். எங்க வீட்டம்மாவுக்குக் கூட்டல் கழித்தல்னாலே தலவலி."

கூடமே சிரித்தது. எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் உதடும் சிரிப்பதற்கு விரிந்துவிட்டது. பழக்கம்.

பக்கத்து நாற்காலியில் மேலதிகாரியின் மனைவி. பேச்சுக்கொடுக்க வேண்டுமே என்று, நீங்கள் வீட்டில்தானா, எங்கேயும் வேலைக்குப் போனதில்லையா என்று கேட்டாள்.

"நானும் இங்கதான் வேல பாத்தேன். மேல் மாடியில" என்றாள் அவள். பிறகு தட்டுத் தடுமாறாமல், கூட்டத்தில் ஒருவரிடமாவது ஒரு தடவையாவது சொல்லிவிட வேண்டும் என்று சொன்னாள். "இப்ப அவரப் பத்திச் சொன்னாங்களே, தப்பே இல்லாத தாளுங்க. அதெல்லாம் நான் போட்டது. தப்பா இருந்தது ஒண்ணு. அது அவர் போட்டது. அதுக்கு வேற ஒருத்திய வெளிய அனுப்பினாங்க."

மேலதிகாரியின் மனைவி அவள் கையை மெல்லத் தட்டிக்கொடுத்தாள். "நல்லா வேடிக்கையாப் பேசுறீங்க, ரெண்டு பேருமே" என்று சிரித்தாள். பிறகு தேநீர்த் தட்டோடு வந்தவனைக் கைகாட்டி அழைத்தாள்.

வீட்டுக்குத் திரும்பும் பேருந்தில் அவருக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. அலுவலகத்தார் கொடுத்த பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு நிறுத்தம் வரைக்கும் அதன் மூடியைத் தடவிக்கொண்டே வந்தார். பிறகு கேட்டார்.

"என் பேச்சு எப்படி இருந்துச்சு?"

"எல்லாரும் சிரிச்சாங்க" என்றாள்.

அவர் திருப்தியோடு தலையாட்டிக்கொண்டார்.